ஸ்பேசைடில் விஸ்கி வடிப்பாலைச் சுற்றுலா: 330 பவுண்ட் போனது, நீங்களும் ஏமாறாதீர்கள்

கடந்த சனிக்கிழமை என்னையும் என் மாமாவையும் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில் மூன்று பாரம்பரிய விஸ்கி வடிப்பாலைகளுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி 330 பவுண்டை வாங்கிக்கொண்ட ஒரு வழிகாட்டி, அவற்றில் ஒன்றின் உற்பத்திக் கூடத்துக்குள்கூட எங்களைக் கொண்டுபோகவில்லை.

மாமா சர்க்கரை ஆலையை ஒட்டிய வடிப்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸைப் புளிக்கவைத்து, உயரமான கோபுரங்களில் இடைவிடாமல் எரிசாராயம் வடிப்பார்கள். இங்கேயோ முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து எடுத்த சாற்றை நொதிக்கவைத்து, செம்புக் கலன்களில் ஈடு ஈடாக, பெரும்பாலும் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருந்த பிறகுதான் அதை ஸ்காட்ச் விஸ்கி என்று அழைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மாமா குடிப்பவர் அல்லர். அந்தச் செம்புக் கலன்களை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நெடுநாள் ஆசை. நானே காரோட்டிச் சென்றிருக்கலாம். ஆனால் ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் ஓட்டுநருக்கான மது வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான், இங்கிலாந்தில் உள்ள 80 அல்ல. ருசி பார்த்துவிட்டு ஓட்டுவது சரியல்ல என்றுதான் சுற்றுலாவைத் தேடினேன்.

ஒரு முன்பதிவுத் தளத்தில் ஆளுக்கு 190 பவுண்ட் என்று போட்டிருந்தார்கள். விவரம் கேட்டு எழுதியதும் வழிகாட்டியே தொலைபேசியில் அழைத்தார். மாமாவின் வேலையைப் பற்றி ஆவலோடு கேட்டார். கலனின் கழுத்திலிருந்து போகும் குழாய் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் சாராயம் இலேசாகவும், கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் கனமாகவும் வரும் என்று விளக்கினார். பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டும் பழைய முறை இன்று மிகச் சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது, அதையும் காட்டுகிறேன் என்றார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நான் நம்பியது அந்த இடத்தில்தான். தளத்தின் தரகு மிச்சமாகும், நேராக என் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் ஆளுக்கு 165 போதும் என்று அவர் சொன்னதும், அன்று மாலையே 330 பவுண்டை அனுப்பிவிட்டேன்.

நாங்கள் ஏற வேண்டிய இன்வெர்னெஸ் நகரில் வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. முதல் வடிப்பாலையில் கதவு பூட்டியிருந்தது. கோடையில் பல வடிப்பாலைகள் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்துவது வழக்கம். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யப்படும் அந்த நிறுத்தம், இத்தொழிலைக் கரைத்துக் குடித்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டாவது இடத்தில் வாகன நிறுத்தத்தில் நின்றபடி, கண்ணாடிச் சுவர் வழியாகக் கலன்களைக் காட்டினார். மூன்றாவது இடத்தில், வரவேற்பில் இருந்த பெண் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் முன்பதிவே இல்லை, இன்றைக்கு எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் கடையில் சுற்றினோம். ருசி பார்ப்பது என்பது, வழிகாட்டி தன் பையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தந்ததோடு முடிந்தது.

திரும்பும் வழியில் மாமா, “பரவாயில்லை தம்பி, ஸ்பே ஆற்றையாவது பார்த்தோமே” என்றார். பணத்தைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த மூன்று செய்திகளுக்குப் பதிலே இல்லை. தளத்தாரோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். வங்கியில் நாற்பத்தைந்து நிமிடம் காத்திருந்து பேசியதில், வண்டி வந்திருக்கிறது, வழிகாட்டியும் வந்திருக்கிறார், எனவே இது மோசடி அல்ல, உங்கள் இருவருக்கும் இடையிலான சிவில் தகராறு என்று முடித்துவிட்டார்கள். 330 பவுண்டுக்கு யாருமே பொறுப்பில்லை.

செல்பவர்களுக்கு அவசரமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். நிறுவனத்திடம் நேராக வாங்கினால் கடன் அட்டையில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட விலை என்றால் பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி அட்டை வழங்கியவருக்கும் பொறுப்பு உண்டு, வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முந்தைய நாளே ஒவ்வொரு வடிப்பாலைக்கும் நீங்களே தொலைபேசியில் அழைத்து, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, அன்று உற்பத்தி நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மாமா வியாழக்கிழமை ஊர் திரும்புகிறார்.