போர்ட்டா ப்ரோவும் 130 ஹெர்ட்ஸும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கோஸ் போர்ட்டா ப்ரோ ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தாராளமாக வாங்குங்கள், ஆனால் ஈக்வலைசரை (ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) தொடாமல் கேட்டுவிட்டு அதைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். கர்நாடக இசையோ பழைய திரைப்பாடல்களோ அதிகம் கேட்பவர் என்றால் இது இன்னும் பொருந்தும். சில ஆண்டுகளாக வீட்டில் இதுதான் என்னுடைய முதன்மை ஹெட்போன். இதைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கை தானாக எடுப்பது இதைத்தான்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோஸ் அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த நிறுவனம். 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள். போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது. வாக்மேன் காலத்துப் பொருள், வடிவம் பெரிதாக மாறாமல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. மெல்லிய உலோகப் பட்டை, நீல வளையமிட்ட சிறு கிண்ணங்கள், பஞ்சு உறை, மடித்துக் கொக்கி மாட்டினால் உள்ளங்கையில் அடங்கும் அளவு. காதை மூடாது, காதின் மேல் உட்காரும். பின்பக்கம் திறந்தது. அமெரிக்காவில் பட்டியல் விலை 50 டாலர் அளவில்தான். இங்கே விற்பவருக்கு விற்பவர் விலை மாறும், விசாரித்து வாங்குவது நல்லது.

முதலில் ஈக்யூ, அதாவது ஈக்வலைசர், இல்லாத ஒலி. எடுத்த எடுப்பில் இதமாக இருக்கும். குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி, பேஸ் (அடியொலி) தாராளமாக, ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) எங்கும் குத்தாமல். ஒரு மணி நேரம் கேட்டாலும் காது களைக்காது. இந்த இதத்துக்குக் காரணம் சுமார் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒரு மேடு (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி தாழ்ந்தது). அந்தப் பகுதியை இந்த ஹெட்போன் தூக்கிக் கொடுக்கிறது. அதற்குக் கீழே, 50 ஹெர்ட்ஸுக்கு அடியில், ஒலி விறுவிறுவென்று இறங்கிவிடும். திறந்த பஞ்சு உறையில் அடியொலி கசிந்து போய்விடுவதால் அது இயல்புதான். ஆக, பேஸ் அதிகம் உள்ள ஹெட்போன் என்று இதைச் சொல்வது பாதி உண்மை. மேல்-பேஸ் அதிகம், ஆழ்ந்த பேஸ் குறைவு.

இந்த மேடு எங்கே இடிக்கிறது என்பதை மிருதங்கத்தில் துல்லியமாகப் பிடிக்கலாம். தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், கும்கி போடும்போது மணிக்கட்டு அழுத்த அழுத்த ஒலி கீழிருந்து வழுக்கி மேலே ஏறும். நேரில் கேட்டால் அந்த வழுக்கல் சீராக இருக்கும். போர்ட்டா ப்ரோவில் அது தொடக்கத்தில் அடக்கமாக இருந்து, நடுவில் திடீரென்று பருத்து, பிறகு மறுபடி மெலியும். வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை. ஹெட்போன் அந்த இடத்தில் கூடுதலாகப் பேசுகிறது. ஒரு முறை இதைக் கவனித்துவிட்டால் பிறகு ஒவ்வொரு தனி ஆவர்த்தனத்திலும் அது உறுத்தும்.

குரலிலும் இதே கதை. ஒரு கட்டையில் (கட்டை என்பது பாடும் சுருதியின் அளவு) பாடும் ஆண் குரலின் மத்திய சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். ஒன்றரைக் கட்டை என்றால் 139. இரண்டும் அந்த மேட்டின் நடு உச்சியிலேயே விழுகின்றன. பாடகர் சட்ஜத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் குரல் கனத்துப் போகிறது, தாரஸ்தாயிக்குப் போனால் மெலிகிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதாவது மேட்டின் விளிம்பு. அதனால் பெண் குரல்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஒரே ஹெட்போனை ஒருவர் அருமை என்றும் இன்னொருவர் மந்தம் என்றும் சொல்வதற்கு, அவரவர் கேட்கும் சுருதியும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேற்கத்திய பாடல்களை வைத்து எழுதப்படும் மதிப்புரைகளில் இந்தக் கோணம் வர வாய்ப்பே இல்லை.

உங்கள் காதிலேயே இதைச் சோதிக்க அளவுக் கருவி எதுவும் வேண்டாம். தம்புரா செயலி ஒன்று போதும். ஒரு கட்டையில் ஓட விட்டு, அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி ஐந்து வரை போங்கள். ஒலி அளவைத் தொடாதீர்கள். எந்தச் சுருதியில் கிண்ணமே அதிர்கிற மாதிரி ஒரு நிறைவு வருகிறதோ, அங்கே மேடு இருக்கிறது. எனக்கு அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தெளிவாகத் தெரிந்தது. ட்ரெபிளைச் சோதிக்கவும் தம்புராவே நல்ல துணை. தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவா நூலால் எழும் அந்த ரீங்காரம் இழை இழையாகக் கேட்கிறதா, மொத்தமாகக் குழைந்து கேட்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்துவது செயலி என்றால் உண்மையான தம்புராவைப் பதிவு செய்து தரும் செயலியாகத் தேர்ந்தெடுங்கள். மின்னணு ஒலியில் இது புலப்படாது.

நான் இப்போது வைத்திருக்கும் அமைப்பு இது. 130 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைப்பு, கியூ (எவ்வளவு அகலத்துக்கு என்பதைச் சொல்லும் எண்) 0.9. இந்த அகலத்தில் அது ஏறத்தாழ 75 முதல் 220 ஹெர்ட்ஸ் வரை, ஒன்றரை ஸ்தாயியைத் தழுவி இறங்கும். மேட்டின் வடிவத்தோடு ஒத்துப்போகிறது. 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஷெல்ஃப் வடிவில், அதாவது அந்த எல்லைக்கு அப்பால் உள்ள முழுப் பகுதிக்கும், 3 டெசிபல் ஏற்றம். 3,500 ஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபல் ஏற்றம், கியூ 1. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஷெல்ஃபாக 2 டெசிபல். அவ்வளவுதான். நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் முதல் குறைப்பைத்தான் வைத்துக்கொள்வேன். அது ஒன்றே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுகிறது. அதைப் போட்டதும் குரலின் மேல் இருந்த போர்வை விலகுகிறது. வயலினின் வில் தந்தியில் உரசும் தொடக்க ஒலி தெரிய ஆரம்பிக்கிறது. ட்ரெபிளை ஏற்றியதால் வந்த தெளிவு அல்ல இது. கீழே இருந்த கூட்டம் கலைந்ததால் வந்தது.

ஏற்றுவதற்கு எல்லை வையுங்கள். 30 ஹெர்ட்ஸில் 8, 10 டெசிபல் தூக்கி ஆழ்ந்த பேஸை வரவழைக்கச் சிலர் முயல்கிறார்கள். இந்தச் சிறிய ட்ரைவர் (கிண்ணத்துக்குள் ஒலி எழுப்பும் பாகம்) அதற்காக வெகுதூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டியிருக்கும், கசிவும் குறையாது. கிடைப்பது பேஸ் அல்ல, கரகரப்பு. 3 டெசிபலோடு நிறுத்தினால் பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி, 41 ஹெர்ட்ஸ், இருக்கிறது என்று தெரியும் அளவுக்கு வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் காதை முழுதாக மூடும் வேறு ஹெட்போன்தான் வழி. அதேபோல 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே குறுகிய சிகரங்களைத் தேடித் தேடி வெட்டுவதும் வீண் வேலை. கிண்ணம் காதில் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் அந்தச் சிகரங்களும் இடம் மாறிவிடும்.

ஏற்றம் எதுவாக இருந்தாலும் ஈக்வலைசரில் ப்ரீஆம்ப் என்று இருக்கும் மொத்த ஒலி அளவை அதற்கு ஈடாக இறக்குவது கட்டாயம். நான் 3.5 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன். இறக்காவிட்டால் உரத்த இடங்களில் சமிக்ஞை உச்சியில் வெட்டுப்பட்டு உடையும். தவில் பதிவுகளில் உடனே தெரியும். ஒலி குறைந்துபோகுமே என்ற கவலை வேண்டாம். போர்ட்டா ப்ரோ 60 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். கணக்குப் போட்டால் 101 டெசிபலுக்கு கால் வோல்ட் போதும். வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 80 டெசிபலுக்கு வெறும் 22 மில்லிவோல்ட். ஹெட்போனைப் போனில் செருக உதவும் சாதாரண டைப்-சி டோங்கிளே இதற்கு மிகுதி. தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கச் சொன்னால் அந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள்.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஈக்யூ போட்டதும் ஒலி சற்றுக் குறையும். குறைந்த ஒலி எப்போதும் சப்பென்று இருக்கும், உரத்த ஒலி எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். போட்டும் நீக்கியும் பார்க்கும்போது குரலின் உரப்பு இரண்டிலும் சமமாக வரும்படி ஒலியைச் சரிசெய்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உடனே தீர்ப்பும் வேண்டாம். மேட்டுக்குப் பழகிய காதுக்கு அதை எடுத்தால் முதலில் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் அப்படியே கேட்டுவிட்டுப் பிறகு நீக்கிப் பாருங்கள்.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், கணினியின் எல்லா ஒலிக்கும் பொருந்தும். பீஸ் என்ற முகப்பையும் சேர்த்து நிறுவினால் எண்களைத் தட்டுவது எளிது. ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப் ஈக்வலைசரில் மேலே சொன்னபடி இடம், அளவு, அகலம் மூன்றையும் கொடுக்கலாம். வேவ்லெட் செயலியில் ஆட்டோஇக்யூ திட்டத்தின் தயார்நிலை அமைப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. போர்ட்டா ப்ரோவுக்கும் இருக்கிறது. ஷான் ஆலிவ் தலைமையில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பலரைக் கேட்க வைத்து உருவாக்கிய இலக்கு வளைவை (ஹெட்போன் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கான வரைபடம்) ஒட்டி அவை கணக்கிடப்பட்டவை. தொடங்குவதற்கு அது நல்ல இடம். ஆனால் அந்த வளைவு பலருடைய விருப்பத்தின் சராசரி, அளவெடுத்தது ஒரு செயற்கைக் காதில். உங்கள் காதில் பஞ்சு உட்காரும் விதம் வேறு. அதை அப்படியே போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு தம்புராச் சோதனையை மறுபடி செய்து திருத்திக்கொள்ளுங்கள்.

போனில் ஏற்கெனவே உள்ள ஐந்து பட்டை ஈக்வலைசர் மட்டும்தான் இருக்கிறது என்றால்? பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பட்டைகள் 60, 230, 910, 3,600, 14,000 ஹெர்ட்ஸில் நிற்கும். நமக்கு வேண்டிய 130 அதில் இல்லை. 60-ஐ இறக்கினால் ஏற்கெனவே மெலிந்த அடியொலியும் போய்விடும். 230-ஐ மட்டும் 3 டெசிபல் இறக்கி, 3,600-ஐ ஒன்று, 14,000-ஐ இரண்டு ஏற்றுங்கள். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் குரல் நிச்சயம் தெளியும். ‘பேஸ் பூஸ்ட்’, ‘ராக்’, ‘பாப்’ என்று பெயர் போட்ட முன்னமைப்புகள் பக்கமே போகாதீர்கள். மேட்டின் மேல் இன்னொரு மேடு.

எண்களுக்கு முன்னால் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். காதின் மேல் உட்காரும் எந்த ஹெட்போனிலும் அழுத்தம்தான் பாதி ஈக்வலைசர். பாடல் ஓடும்போது இரு கிண்ணங்களையும் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: பேஸ் சட்டென்று ஏறும். போர்ட்டா ப்ரோவில் கிண்ணத்துக்கு மேலே, பொட்டுப் பக்கம் தாங்கும் தனிப் பஞ்சுத் தகடும், அதன் கோணத்தை மாற்றும் ஒரு சிறு விசையும் உண்டு. ஒரு முனையில் வைத்தால் எடை தலைக்குப் போய் காது விடுபடும், ஒலி மெலியும். மறுமுனையில் காதில் இறுகும், பேஸ் கூடும். நான் நடுவில் வைத்திருக்கிறேன். மேலே கொடுத்த எண்கள் அந்த நிலைக்கு உரியவை.

பஞ்சு உறையும் அப்படித்தான். பாலியுரேத்தேன் பஞ்சு எந்த நிறுவனத்துடையது ஆனாலும் நம் ஊர் வியர்வையிலும் புழுக்கத்திலும் நாளடைவில் நசுங்கும், பிறகு உதிரும். நசுங்கினால் ட்ரைவர் காதுக்கு நெருங்கி பேஸ் இன்னும் கனக்கும். ஒலி மந்தமாகிவிட்டது என்று தோன்றினால் ஈக்யூவைத் தொடுவதற்கு முன் பஞ்சைப் பாருங்கள். மாற்று உறை மலிவு. நடுவில் துளையுள்ள உறையையும் போட்டுப் பார்த்தேன். ட்ரைவருக்கும் காதுக்கும் நடுவே தடுப்பில்லாததால் ட்ரெபிள் தானாகத் திறக்கிறது. அதோடு கேட்கும்போது 8,000 ஹெர்ட்ஸ் ஏற்றத்தை நீக்கிவிட்டேன், 130-இல் குறைப்பு 3 டெசிபலே போதுமானதாக இருந்தது.

இரவில் ஒலியை மிகக் குறைத்துக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒலி குறையக் குறைய நம் காது அடியொலியை இன்னும் குறைவாகவே உணரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே வளைவு போட்டுக் காட்டிய விஷயம். அந்த நேரத்தில் இந்த ஹெட்போனின் மேடு உங்களுக்கு உதவிதான் செய்யும். அதனால் இரவுக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கிறேன், 130-இல் 2 டெசிபல் மட்டும் குறைத்து.

பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த ஹெட்போன் என்பதால் பேருந்தின் எஞ்சின் இரைச்சல் அப்படியே உள்ளே வரும், நீங்கள் கேட்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்கும். இரைச்சலை மீற ஒலியை ஏற்றினால் காதுக்குக் கேடு. வீட்டுக்குள், மின்விசிறி ஓட்டத்தில் கேட்க இது நல்ல பொருள். சமையலறையில் குக்கர் விசில் காதில் விழும் என்பதும் ஒரு வசதி.

எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டாரும் வயலின் கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்து வருவது, 130-ஐ இறக்கிய பிறகு இந்த ஹெட்போன் தரும் ஆகப் பெரிய சுகம். இன்றைய பாடல்களில் பேஸ் ஏற்கெனவே நிறைய இருப்பதால் 45 ஹெர்ட்ஸ் ஏற்றத்தை எடுத்துவிட்டுக் கேட்கிறேன். பழைய மோனோ இசைத்தட்டுப் பதிவுகளுக்கு ஈக்யூவே போடுவதில்லை. அவற்றில் அடியொலி குறைவு, மேலே ஊசி இரைச்சல் அதிகம். போர்ட்டா ப்ரோவின் இயல்பான மேடு குரலுக்குச் சதை கொடுக்கிறது, அடங்கிய ட்ரெபிள் இரைச்சலைத் தணிக்கிறது. அந்தப் பதிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஹெட்போனை இந்த விலையில் நான் கேட்டதில்லை.