செக்கன்ஹான்ட் திங்க்பேட்டும் லினக்ஸ் மின்டும்: வீட்டுக்குச் சரிவருமோ?

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இப்ப கனபேர் கேக்கிறது நல்லா ஓடிக்கொண்டிருக்கிற லப்டொப்பை எறியிறதோ, விண்டோஸுக்குப் பதிலா இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடுறதோ எண்டுதான். எங்கட வீட்டில யாழ்ப்பாணம் டவுனுக்கை ஒரு கடையில வேண்டின செக்கன்ஹான்ட் திங்க்பேட் டி470, அதில லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஈ (லினக்ஸில ஒரு வகை, பாரமில்லாத டெஸ்க்டொப்போட). செவன்த் ஜென் இன்டெல் புரோசசர் எண்டபடியா விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அதாலயே உந்த மொடல் மலிவா வருது, எங்களுக்கு அது நல்லது.

மின்ட் உபுண்டு 24.04 எண்ட இன்னொரு லினக்ஸுக்கு மேல கட்டினது, 2029 வரை அப்டேட் வரும். டெபியன் எண்ட லினக்ஸையும் நம்பலாம், அதின்ர 12ஆம் வேர்சனில இருந்து வைஃபை ஓடத் தேவையான ஃபேர்ம்வெயாரும் இன்ஸ்டோலரோடயே வருது, ஆனா அம்மா அப்பாவும் பாவிக்கிற மெசினெண்டா மின்ட்தான் சுகம், விண்டோஸ் மாதிரியே மெனு கீழ இடப்பக்கம், அப்டேட்டுக்குப் பிறகு ஏதும் குழம்பினா டைம்ஷிஃப்ட் எண்ட புரோகிராமால பழைய நிலைக்குப் போகலாம் (அதை முதலே செற் பண்ணி வையுங்கோ, தானா ஒண்டும் செய்யாது). 4 ஜிபி ராம் காணும் எண்டுதான் மின்ட்காரரே சொல்லீனம், குரோமில கனக்க டாப் திறக்கிற ஆக்களெண்டா 8 போடுங்கோ.

எந்த லினக்ஸ் எண்டு மண்டையை உடைக்கிறதை விட எந்த மெசின் எண்டு பாக்கிறதுதான் முக்கியம். கடைக்குப் போகேக்க மின்ட் ஏத்தின பென்டிரைவைக் கையோட கொண்டு போங்கோ. திங்க்பேட் எண்டா ஒன் பண்ணின உடன எஃப்12ஐ அமத்தினா பென்டிரைவில இருந்தே ஓடும், டிஸ்க்கில ஒண்டும் அழியாது. வைஃபை பிடிக்குதோ, சத்தம் வருதோ, கமரா வேலை செய்யுதோ, மூடியை மூடித் திறந்தா முழிக்குதோ எல்லாம் அங்கயே நிண்டு பாக்கலாம். சில கடைக்காரர் முகத்தைச் சுழிப்பினம், நான் போன கடையில நிண்ட தம்பி தானே ஆர்வமாப் பாத்துக்கொண்டு நிண்டவன். இன்டெல் வைஃபை எண்டா டிரைவர் லினக்ஸின்ர அடிப்படைப் பகுதியான கேர்னலுக்குள்ளயே இருக்கு. புரோட்கொம் சிப் கனக்கவுக்கு டிரைவர் தனியா இறக்கோணும், அதை இறக்க நெட் வேணும், அந்த நேரம் போனை யூஎஸ்பியில குத்தி டெதரிங் போட்டுச் சமாளிக்கலாம். டி470இன்ர விரல்ரேகை சென்சர் மின்டில நேரடியா வேலை செய்யாது, பாஸ்வேர்ட் அடிக்கவேண்டியதுதான், எனக்கு அது ஒரு குறையாத் தெரியேல்லை.

பிறின்டர் வேற கதை. ஹெச்பி மொடல் கனக்க எச்பிலிப் எண்ட டிரைவரால ஓடும், மற்றதுகளுக்கு மொடல் நம்பரைப் போட்டுத் தேடிப் பாத்திட்டு வேண்டுங்கோ. பழைய லேசர் சிலது உயிரை வாங்கும்.

தமிழுக்குப் பயப்பிடத் தேவையில்லை. யூனிகோட் எழுத்து உடையாமத் தெரியுது, தமிழ் அடிக்கிறதுக்கான ஐபஸ் எம்17என் பொதியைப் போட்டா றெங்கநாதன் கீபோர்டும் இருக்கு, ஒலி முறையும் இருக்கு. ஆனா எங்கட ஊரில கோயில் நோட்டீசும் சங்கக் கடிதமும் இன்னும் பாமினியிலதானே (இங்கிலிஷ் எழுத்துகளைத் தமிழாக் காட்டுற பழைய எழுத்துரு) வருது, அதுக்கு எழுத்துரு ஃபைலைக் கொப்பி பண்ணிப் போட்டா லிப்ரே ஒஃபிஸில அப்பிடியே திறக்கும். ஒண்டு மட்டும், ஓட்டோகரெக்டை நிப்பாட்டிப் போடுங்கோ, வசனத்தின்ர முதல் எழுத்தைக் கப்பிட்டலாக்கிறன் எண்டு அது பாமினியைக் கந்தலாக்கிப் போடும்.

பிள்ளையளின்ர சூம் வகுப்புக்கு லினக்ஸ் வேர்சன் இருக்கு. ஃபோட்டோஷொப், எக்செல் மக்ரோ எண்டு பிழைப்பு நடத்திற ஆக்கள் இந்தப் பக்கம் வராதேங்கோ, உங்களுக்கு விண்டோஸ்தான்.

டி470இல எனக்குச் சரியான விருப்பம் பற்றரிதான். உள்ள ஒண்டு, பின்னால ஒண்டு, கரண்ட் போன நேரத்தில மெசின் ஓட ஓட பின்னால உள்ளதைக் கழட்டி வேற மாத்தலாம். செக்கன்ஹான்டில பற்றரி சொத்தியா இருக்கிறது வழமை, அதால பென்டிரைவில பூட் பண்ணின கையோட பவர் மனேஜரைத் திறந்து புதுசில எவ்வளவு பிடிச்சது, இப்ப எவ்வளவு பிடிக்குது எண்டு ரெண்டையும் பாருங்கோ, பாதிக்குக் கீழ எண்டா அந்தக் காசைக் கழிச்சுப்போட்டு விலை பேசுங்கோ.