ஆள் இருக்கும் வீடா, பூட்டிக் கொடுத்த வீடா?

இலங்கையின் கிழக்குக் கரையில், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்குடாவின் ஊர் உல்லை. ஏப்ரலில் அலை எழும்பியதும் அங்கே வாடகைப் பலகைகளும் எழும்பிவிடும். அறை, மாடி, முற்றத்துக் கொட்டில், சிலவேளை முழு வீடே ஒக்டோபர் வரை நாட்கணக்கில் போகிறது. இதற்கு எந்த மாதிரியான கட்டுப்பாடு அறுகம்குடாவுக்குப் பொருந்தும்? மூன்று வெளிநாட்டு நகரங்களின் வழிகளை நம் வளவில் நிறுத்திப் பார்த்தேன்.

பார்சிலோனா முழுமையாக மூடுகிறது. அங்கே 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் அனுமதி 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படாது. அது குடியிருக்க வீடு கிடைக்காமல் தவிக்கும் பெருநகரத்தின் மருந்து. ஆறு மாத உழைப்பில் வருடத்தை ஓட்டும் ஊருக்கு அது சோற்றில் மண்.

ஆம்ஸ்டர்டாம் நாளை எண்ணுகிறது. சொந்தக்காரர் நிரந்தரமாக வசிக்கும் வீடாக இருக்க வேண்டும். நகரின் பெரும்பகுதியில் முழு வீட்டை வருடத்தில் 30 இரவுகள் வரைதான் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் தங்கக் கூடாது. நான்கு பேர் என்ற எல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. முப்பது இரவுகள் என்பது இங்கே செல்லாது. யூலை மாதம் மட்டுமே அதை விழுங்கிவிடும்.

நியூயோர்க் 2023 செப்டெம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி வேறு கேள்வியைக் கேட்கிறது: வீட்டுக்காரர் எங்கே? முப்பது நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் அவர் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும், பதிவு வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. என் தெரிவு இந்தக் கேள்விதான்.

காரணம் என் சின்னம்மா வீட்டுக் கிணறு. அவர் இரண்டு அறைகளைக் கொடுக்கிறார். வருகிறவர்களிடம் குளியலுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கையால் அளந்து காட்டுவார். இரவு பத்துக்குப் பாட்டை நிறுத்தச் சொல்வார். காலையில் அவரே இடியப்பம் அவிப்பார். பக்கத்து வளவு வெளியூர்க்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக் கொடுக்கும் வீடு. சாவி பூச்சாடிக்குக் கீழே இருக்கும். சென்ற ஒகஸ்டில் ஒரு காலை அந்த வாசலில் பதினொரு சோடிச் செருப்புகளை எண்ணினேன். மோட்டார் விடிய விடிய ஓடியது. மூன்றாம் நாள் சின்னம்மாவின் கிணற்று நீர் உவர்த்துவிட்டது. கடற்கரை மணலில் நன்னீர் மெல்லிய படையாகத்தான் நிற்கும். அளவு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறும். யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வீட்டில் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

நியூயோர்க் விதியில் ஒன்றை நான் ஏற்கவே மாட்டேன். விருந்தினர் வீடு முழுவதும் புழங்கலாம், உள் கதவுகளைப் பூட்டித் தடுக்கக் கூடாது என்கிறது அது. பெண்பிள்ளைகள் உறங்கும் அறைக்கு நம் வீடுகளில் தாழ்ப்பாள் இருந்தே ஆக வேண்டும்.

விதியே இல்லாத ஊர் அல்ல இது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தங்குமிடங்களைப் பதிவு செய்கிறது. குடும்பத்தோடு தங்கும் வீட்டுக்கெனத் தனி வகையும் வைத்திருக்கிறது. அந்த வகையில் பதிகிறவருக்குச் சலுகைக் கட்டணமும் விரைவான அனுமதியும் கொடுங்கள். வீட்டுக்காரர் தங்காமல் பூட்டிக் கொடுக்கும் வீடென்றால், அழைத்தால் பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஊர்ப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைப் பதியாமல் அனுமதி கொடுக்க வேண்டாம். எத்தனை பேர் தங்கலாம் என்பதைக் கட்டிலை எண்ணி முடிவு செய்யாமல், பிரதேச சபை கிணற்றையும் மலசலகூடக் குழியையும் பார்த்து முடிவு செய்யட்டும். அந்த எண்ணிக்கை வாசலில், அயலவர் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் தொங்கட்டும்.