மாமரத்துப் புல்லுருவிக்குத் தொரட்டி ரம்பம்: எதை வாங்குவது, எப்படி அறுப்பது

புல்லுருவி வெட்ட வேண்டும் என்று கேட்டால் பல கடைகளில் முதலில் கையில் கொடுப்பது, கயிறு இழுத்தால் கடிக்கும் கத்தரித் தொரட்டி. பிஞ்சுக் கிளைகளைக் கவாத்து செய்ய அருமையான கருவிதான். இந்த வேலைக்கு வேண்டாம். 3 செ.மீ. பருமனைத் தாண்டினால் அதன் அலகு திணறும். இங்கே அறுக்க வேண்டியதோ புல்லுருவியின் தண்டை அல்ல, அது உட்கார்ந்திருக்கும் மாங்கிளையை. நீட்டி மடக்கும் கம்பின் நுனியில் வளைந்த ரம்பம் பூட்டிய தொரட்டிதான் சரி.

காரணம் செடியிலேயே இருக்கிறது. மாமரத்தில் ஏறும் டென்ட்ராப்தே ஃபால்கேட்டா என்ற புல்லுருவி தன் இலையால் உணவு தயாரித்துக்கொள்ளும். நீரையும் தாது உப்புகளையும் மட்டும் கிளையைத் துளைத்து உறிஞ்சும். ஒட்டிய இடம் முண்டாக வீங்கும். பலர் அந்த முண்டோடு அறுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் முண்டிலிருந்து சாம்பல் நிறக் கயிறு போல ஒரு வேர் பட்டைமேல் ஒட்டி ஓடுவது தெரியும். இடையிடையே அது மீண்டும் கிளைக்குள் இறங்கியிருக்கும். அந்த வேர் மிஞ்சினால் அதிலிருந்தே புதுக்கொத்து தழைக்கும். ஆகவே வேர் கடைசியாகத் தெரியும் இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக 30 செ.மீ. தள்ளி அறுக்க வேண்டும்.

இனி கருவி. ரம்பம் 33 முதல் 40 செ.மீ. நீளமும் நல்ல வளைவும் உள்ளதாக இருக்கட்டும். பற்கள் இழுக்கும்போதுதான் வெட்டும். தள்ளும்போது பலம் கொடுத்தால் கம்பு வில்லாக வளையும், அலகும் கோணும். ரம்பத்தின் அடியில் சிறு அரிவாள் அலகு வைத்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். கிளையின் அடிப்பட்டையை அதால் முதலில் கீறிவிட்டு மேலிருந்து அறுத்தால், கொத்தின் பாரத்தில் கிளை சாயும்போது பட்டை அடிமரம்வரை உரிந்து வராது. பருமனான கிளையை ஒரே அறுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். வெளிப்பகுதியை முதலில் இறக்கிப் பாரத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் சரியான இடத்தில் அறுங்கள்.

இந்தக் கருவியின் பலவீனம் பூட்டு. திருகிப் பூட்டும் கம்பில் தூசி ஏறினால் இழுக்க இழுக்க நழுவும். அதைவிட நெம்புகோல் பூட்டு நல்லது. முழு நீளத்துக்கு நீட்டினால் எந்தக் கம்பும் ஆடும். தடம் விழும்வரை பற்கள் துள்ளும். முதல் சில இழுப்புகளை மெதுவாக, குறுகலாக இழுங்கள். கிளைக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். மின்கம்பி அருகே அலுமினியக் கம்பைத் தூக்கவே கூடாது. கை அளவுக்கு மேல் பருத்த கிளைக்கும் அடிமரத்தில் ஒட்டியதற்கும் இது உதவாது, மரமேறி வேண்டும்.

புல்லுருவியில் பூ வந்தபின், அதன் பழம் பழுக்குமுன் அறுப்பதே நல்ல நேரம். ஆரஞ்சுப் பூக்குழல்கள் இலைமறைவிலும் கொத்தைக் காட்டிக்கொடுக்கும். பழுத்துவிட்டால் பூக்கொத்திக் குருவிகள் தின்று, பிசின் ஒட்டிய விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். தோப்புக்கு வெகு தொலைவில், காட்டு மரத்தில் இருக்கும் கொத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தேன்சிட்டு தேன் குடிப்பதும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்வதும் அதில்தான்.

வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோவை 5 லிட்டர் நீரில் கரைத்து, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 5 லிட்டரில் நீற்றி ஆறவைத்து, இரண்டையும் பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தூரிகையைத் தொரட்டியின் நுனியிலேயே கட்டிப் பூசலாம்.

வேலை முடிந்ததும் பல்லில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெய் தடவுங்கள். பற்களின் நுனி கருத்திருந்தால் அது கடினப்படுத்திய எஃகு. அரம் போட முடியாது, மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும். மாற்று அலகு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.