வேரா, பட்டியலா, வாசிப்பா? ஆங்கிலச் சொல்வளத்துக்கான மூன்று வழிகள்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்புவோருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: லத்தீன் வேர்களைக் கற்று அவற்றிலிருந்து கிளைத்த சொற்களை அறிவது, சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது, நிறைய வாசித்துச் சூழலிலிருந்து பொருளை உணர்வது. கற்பவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பாராமல் இவற்றை ஒப்பிடுவதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

தொடக்க நிலையில் பட்டியலுக்கு ஈடில்லை. ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநரான மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. அன்றாட ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் கெட், டேக், கோ, கம் போன்றவை ஜெர்மானிய மூலத்தைச் சேர்ந்தவை என்பதால், அங்கே லத்தீன் வேருக்கு வேலையே இல்லை. கற்றது தொடக்கத்தில்தான் மிக விரைவாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டினார். எனவே இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பார்ப்பது அவசியம்.

அந்த அடித்தளத்துக்குப் பிறகே வேர்வழி பலன் தரத் தொடங்குகிறது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு வழியாகவும், மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்களின் எழுத்து வழியாக நேரடியாகவும் புகுந்த லத்தீன் சொற்கள், சட்டம், அறிவியல், கல்வி ஆகிய துறைகளின் ஆங்கிலத்தில் நிறைந்திருக்கின்றன. 'ஜெக்ட்' என்பது எறிதல் என்று தெரிந்தால், இன்ஜெக்ட் உள்ளே செலுத்துவதும், இஜெக்ட் வெளியே தள்ளுவதும், ரிஜெக்ட் திருப்பித் தள்ளுவதும் ஒரே குடும்பமாக மனத்தில் அமர்கின்றன. எழுத்துக்கூட்டலுக்கும் இது கைகொடுக்கிறது. அக்காமடேட் என்ற சொல்லில் 'சி'யும் 'எம்'மும் இரட்டிப்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். 'அட்' என்ற முன்னொட்டு 'சி'யின் முன் 'அக்' எனத் திரிந்ததால் இரண்டு 'சி'. 'காம்' என்ற முன்னொட்டும் 'மோடஸ்' என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்ததால் இரண்டு 'எம்'. புணர்ச்சி விதிகளைப் படித்த தமிழருக்கு இந்தத் திரிபு அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் வேரை மட்டும் நம்பிப் பொருள் சொல்வது ஆபத்தானது. பெடஸ்ட்ரியன் (பாதசாரி) என்பதில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) என்பதில் அதேபோலத் தோன்றினாலும் இருப்பதோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். 'இன்' என்றாலே எதிர்மறை என்று கொள்பவர், எளிதில் தீப்பற்றுவதைக் குறிக்கும் இன்ஃப்ளேமபிள் என்ற எச்சரிக்கையை நேர்மாறாகப் புரிந்துகொள்ளக்கூடும். காலப்போக்கில் பொருள் விலகிய சொற்களும் பல: பிரிவென்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'முன்னே வருதல்' என்றுதான் பொருள், இன்றோ அது தடுப்பதைக் குறிக்கிறது.

வாசிப்பு தருவதை மற்ற இரண்டும் தர முடியாது. டிசிஷன் என்ற சொல்லுடன் 'டூ' சேராது, 'மேக்' தான் சேரும் என்பதை எந்த வேரும் சொல்லாது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்பதும் அப்படித்தான். எனினும் பிறர் உதவியின்றி நாவலையோ செய்தித்தாளையோ படிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் கிளை வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் மதிப்பிட்டார். அடித்தளம் இல்லாதவரை அந்தக் கடலில் இறக்கிவிட்டு 'படி, தானாக வரும்' என்பது நியாயமில்லை.

ஆகவே முதல் 2,000 சொற்களைப் பட்டியலால் பிடித்துக்கொண்டு, அதன்பின் வாசிப்பையும் வேரையும் சேர்த்து நடத்துவதையே நான் பரிந்துரைப்பேன். அப்போதும் வரிசை முக்கியம். புதிய சொல்லை முதலில் வாக்கியத்தில் சந்தித்து, பொருளை ஊகித்து, அகராதியில் சரிபார்த்து, கடைசியாக வேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேர்வுக்குச் சில வாரங்களே இருப்பவர் மட்டும் பட்டியலோடு நின்றுகொள்ளலாம். வேர்வழி பலன் தர அந்தக் கால அளவு போதாது.