மூன்று பந்து மூச்சுக் கருவி: ஊதக் கூடாது, இழுக்க வேண்டும்

மருந்துக்கடையில் போய் 'பந்து ஊதுற மிஷின்' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வார்டில் நர்ஸம்மாவும் அப்படித்தான் சொல்கிறார், பக்கத்துக் கட்டில்காரரும் அப்படித்தான் சொல்கிறார். பெட்டியின் மேல் ஸ்பைரோமீட்டர் என்று போட்டிருக்கும். அந்த 'ஊதுற' என்ற சொல்லால் எங்களுக்கு முழுசாக இரண்டு நாள் வீணாகப் போனது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஊதுகிற கருவி இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் நன்றாக விரிவதற்காக வாயால் மூச்சை உள்ளே இழுக்கிற கருவி.

நான் தவில் வாசிக்கிறவன், கும்பகோணம் பக்கம். பத்தொன்பது வருஷமாகப் பெரும்பாலும் ஒரே நாகஸ்வரக்காரரோடுதான் போய்க்கொண்டிருக்கிறேன். அண்ணே என்று கூப்பிடுவேன், கூடப் பிறந்தவர் இல்லை. போன ஆடியில் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. ஆடியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதமாகப் பார்த்துத் தேதி வாங்கினோம். அண்ணிக்கு மூட்டுவலி, மகன் சிங்கப்பூரில். ராத்திரித் துணைக்கு நான் இருந்தேன்.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த அன்றைக்கே இதை வாங்கிவரச் சொன்னார்கள். கீழே மருந்துக்கடையில் 350 ரூபாய். எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார்ந்து காட்டவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள் இங்கிலீஷில், பொடி எழுத்தில் இருந்தது. அண்ணன் கையில் கொடுத்தேன். குழாயின் வாய்ப்பகுதியை, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கவ்வுவது மாதிரியே உதட்டில் பொருத்தினார், நாற்பது வருஷப் பழக்கம். ஊதினார். பந்து அசையவில்லை. இன்னொரு தடவை ஊதிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மூச்சு இல்லாம போச்சு தம்பி" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாமி புறப்பாட்டில் நின்றபடியே தோடி ராகத்தை விடிய விடிய வாசித்தவர் அவர். பிளாஸ்டிக் பந்து ஒன்று நகரவில்லை என்றதும் தன் தொழிலே போய்விட்டதாக நினைத்துவிட்டார். அப்புறம் இரண்டு நாள் அதைத் தொடவே மாட்டேன் என்றார். சளி கட்டி, லேசாகக் காய்ச்சலும் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் பிசியோதெரபி செய்கிற பெண் வந்தார். சின்ன வயசுதான். அவருக்காக அண்ணன் மறுபடி ஊதியதைப் பார்த்ததும், "ஐயா, இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவீங்கல்ல, அது மாதிரி மெதுவா இழுங்க" என்றார். இழுத்தார். முதல் பந்து 'டக்'கென்று மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

கருவியைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துப் பக்கமாக மூன்று கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. கூண்டின் மேல் 600, 900, 1200 என்று எண்கள் இருக்கும். ஒரு நொடிக்கு அத்தனை சிசி (அதாவது மில்லிலிட்டர்) காற்று உள்ளே போனால்தான் அந்தப் பந்து எழும் என்று அர்த்தம். பைபாஸில் நடு நெஞ்செலும்பை அறுத்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். வலிக்குப் பயந்து நோயாளி மேல்மூச்சாகவே விடுவார். நுரையீரலின் அடிப்பக்கத்துக் காற்றறைகள் விரியாமல் ஒட்டிக்கொள்ளும், சளி தங்கும், அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். ஆழமாக இழுத்தால் அந்த அறைகள் திறக்கும். பந்து எதற்கென்றால், சரியாக இழுக்கிறோமா என்று கண்ணுக்குத் தெரிவதற்கு.

செய்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். கருவியைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் பந்து சும்மாவே ஏறிவிடும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, உதட்டை இறுக்கி மூடி மெதுவாக இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் இரண்டு மூன்று நொடி மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். அப்போது பந்து விழத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். பிறகு வாயை எடுத்துவிட்டு வெளியே விடலாம். முழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை என்று எங்களுக்குச் சொன்னார்கள். மடமடவென்று செய்தால் தலை சுற்றும்.

அண்ணனுக்கு நொடிக் கணக்கு ஒத்துவரவில்லை. அதனால் நான் கட்டில் கம்பியில் விரலால் ஆதி தாளம் போட்டேன். அது எட்டு எண்ணிக்கைத் தாளம். லகு என்கிற முதல் நாலு எண்ணிக்கையில் இழுக்க வேண்டும், திருதம் என்கிற இரண்டிரண்டு எண்ணிக்கை இரண்டிலும் பிடிக்க வேண்டும், அடுத்த ஆவர்த்தனம், அதாவது அடுத்த எட்டு எண்ணிக்கைச் சுற்று, முழுக்க ஓய்வு. தாளம் போட ஆரம்பித்த முதல் நாள் இரண்டாவது எண்ணிக்கைக்கே பந்து விழுந்துவிட்டது. அதற்கு மூன்றாம் நாள் நாலும் நின்றது. தவில் அடிக்க விரலில் கெட்டியான கூடு மாட்டிப் பழகிய விரல் இது, கம்பியில் எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் பக்கத்துக் கட்டில் பெரியவருக்குக் கேட்டிருக்கிறது. அவரும் தன் பந்தை எடுத்து அதே தாளத்துக்கு இழுக்க ஆரம்பித்தார்.

குறைகளும் இருக்கின்றன. குழாய் குட்டையாக இருக்கிறது. கருவியை மடியில் வைத்தால் வாய்க்கு எட்டாது, நோயாளி குனிவார், குனிந்தால் நெஞ்சு வலிக்கும். நான் சாப்பாட்டு மேஜையை இழுத்து அதன் மேல் வைத்தேன். குழாய் செருகுகிற இடம் லொடலொட என்று ஆடியது. அங்கே காற்று கசிந்தால் எவ்வளவு இழுத்தாலும் பந்து எழாது, நோயாளிதான் தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார். வாய்ப்பகுதிக்கு மூடி கிடையாது. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, துணியில் சுற்றி வைத்தோம். ஒருத்தர் வாயில் வைத்ததை இன்னொருத்தருக்குக் கொடுக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் மூன்று பந்தும் ஒரு நொடி எகிறிவிடும். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள், நுரையீரலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றையும் எழுப்புவதைவிட ஒன்றையோ இரண்டையோ எழுப்பி நிறுத்துவதுதான் கஷ்டம், அதுதான் வேலை. இழுத்த காற்றின் மொத்த அளவைக் காட்டுகிற வேறு வகைக் கருவியும் உண்டு. அதில் இந்த ஏமாற்று இல்லை, விலை கூடுதல். கையில் பணம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு அதை வாங்குங்கள்.

இது மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். எழுந்து நடப்பதும் இருமிச் சளியைத் துப்புவதும் இதைவிட முக்கியம் என்று அந்தப் பிசியோதெரபிப் பெண் தினமும் சொன்னார். இருமும்போது நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டிலிருந்து ஒரு சின்ன இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரித் தலையணை இதற்கு ரொம்பப் பெரிசு. வலி மாத்திரை கொடுத்து அரை மணி கழித்து ஆரம்பித்தால் அண்ணன் முகம் சுளிக்காமல் செய்தார்.

யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு வாரம் முன்னாலேயே இதை வாங்கிவிடுங்கள். வெளிக்கடையில் நான் விசாரித்தபோது 260 ரூபாய்தான். நெஞ்சில் வலி இல்லாதபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகிவிட்டால், அந்த முதல் நாள் அண்ணன் பட்ட வேதனையை உங்கள் ஆள் படமாட்டார். துணைக்கு இருக்கிறவரும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். ராத்திரி வார்டில் நோயாளிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. மணிக்கு ஒருமுறை எண்ணிக்கை போடுகிற வேலை இருந்ததால் எனக்கும் அந்த ராத்திரிகள் நகர்ந்தன.

மூன்று மாதத்துக்கு வாத்தியத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாகஸ்வரம் உறையோடு அலமாரியில் இருக்கிறது, சீவாளிகளை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாராம். சாயங்காலம் ஆறு மணிக்கு போன் போடுகிறேன். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அண்ணன் இழுக்கிறார், நான் இங்கிருந்து தாளம் போடுகிறேன். நேற்று 900 பந்து நாலு எண்ணிக்கையும் நின்றது.