கார்டு வெட்டும் மெஷின் என்று பழைய ஸ்டிக்கர் மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 42,500 ரூபாய் போச்சு

மெஷின் விற்ற மாடிக்கடைக்காரர்களிடம் இன்று மதியம் மூன்று மணிக்குக் கடைசியாகப் பேசினேன். “உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க மேடம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் என் நம்பரிலிருந்து கால் போகவே இல்லை, பிளாக் செய்துவிட்டார்கள். அடுப்பில் வைத்த உலையை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் 42,500 ரூபாய் திரும்பி வருமோ வராதோ, இன்னொரு பெண் அந்த மாடிப்படி ஏறக் கூடாது. பேப்பர் பெட்டி, கார்டு செய்கிறவர்கள் கட்டிங் மெஷின் வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே ரிட்டர்ன் கிஃப்ட் பெட்டி, வளையல் பெட்டி, பாப்-அப் கார்டு, சீர்த்தட்டில் வைக்கும் பெயர் அட்டை எல்லாம் செய்து கொடுக்கிறேன். எல்லாம் கைவேலைதான். ஸ்டீல் ஸ்கேல், கட்டர், கீழே போட ஒரு பச்சை மேட். மடிப்புக் கோடு போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. போர்டு கிழியாமல் பள்ளம் மட்டும் விழ அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு வளையல் பெட்டியை வெட்டி, மடித்து, ஒட்ட எனக்கு 25 நிமிடம் ஆகும். 120 பெட்டிக்கு ஆர்டர் வந்தால் 50 மணி நேரம். மூடியில் ஜாலி மாதிரி பூவேலை கேட்டுவிட்டால் கட்டர் பிடித்த விரல் இரண்டு நாளைக்கு மடங்காது. அந்த வலியில்தான் மெஷின் வாங்கும் எண்ணமே வந்தது.

சின்னச் சின்ன வீடியோவாக ஓடும் ஒரு தளத்தில் இந்தக் கடையைப் பார்த்தேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் என் பக்கம் எதுவும் சிக்கலாகிவிடக் கூடாது. சென்னையில் ஒரு மாடிக்கடை, கிராஃப்ட் மெஷின் விற்பவர்கள், இவ்வளவு போதும். வீடியோவில் ஒரு தாள் உள்ளே போகிறது, அரை நிமிடத்தில் தாமரை வடிவப் பெட்டி வெளியே வருகிறது. “வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், 2,000 டிசைன் இலவசம், ஒரு வருட வாரன்டி.” பத்து நாள் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நவம்பர் கடைசி வாரம் செங்கல்பட்டிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு லோக்கல் ட்ரெயினில் போனேன். வழக்கம்போல முதலில் ஆண்டர்சன் தெருவில் இறங்கி அந்த மாதத்துக்கு வேண்டிய போர்டு வாங்கினேன். 300 ஜிஎஸ்எம் மெட்டாலிக் போர்டு, மெரூன் கலரும் தங்கக் கலரும். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் கணக்கு, 300 என்றால் நல்ல கனமான அட்டை. அதைச் சுருட்டாமல் அட்டைக்குள் வைத்துக் கட்டித் தந்தார்கள். அந்தக் கட்டோடுதான் கடைக்குப் போனேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாயைத் திறந்தால் அக்கா, அக்கா. தண்ணீர் கொடுத்தான், ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டான். “பாப்பா பேரு என்னக்கா?” என்று கேட்டான். என் மகள் பெயரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் டைப் செய்து, சுற்றிலும் மல்லிகைக் கொடி மாதிரி ஒரு பார்டர் போட்டு, ரோஸ் கலர் தாள் ஒன்றை உள்ளே விட்டான். சர் சர் என்று ஓடியது. வெளியே எடுத்து, இடையில் ஒட்டியிருந்த துணுக்குகளை வாயால் ஊதிவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. “இந்தாங்கக்கா, பாப்பாவுக்கு எங்க கிஃப்ட்” என்று கவரில் போட்டுக் கொடுத்தான்.

அந்த நிமிடத்தில்தான் நான் நம்பினேன். வேறு எதைப் பார்த்தும் அல்ல, மகள் பெயர் அந்தத் தாளில் அப்படிப் பூவாக வந்ததைப் பார்த்துத்தான். 300 ஜிஎஸ்எம் போர்டுக் கட்டு அப்போது என் மடியில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு கிழித்து, “இதை வெட்டிக் காட்டு தம்பி” என்று கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் வெட்டிக் காட்டியது குழந்தைகள் பள்ளிக்கு வாங்கிப் போகும் கலர் பேப்பரைவிடக் கொஞ்சம் கனமான தாள். வீட்டுக்கு வந்து என் போர்டு பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

பெயர் பெற்ற வெளிநாட்டு மெஷின்களைப் பற்றிக் கேட்டேன். “அதுல ப்ளேடும் மேட்டும் வாங்கியே ஓய்ஞ்சுடுவீங்கக்கா. இதுக்கு மேட்டே தேவையில்லை, அந்தச் செலவும் மிச்சம்” என்றான். அதையும் ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டேன். விலை 42,500. பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும்க்கா, 7,650 ரூபாய் எதுக்கு வீணா? எஸ்டிமேட் தர்றேன், வாரன்டிக்கு அதுவே போதும்.” 7,650 ரூபாய் எனக்குப் பெரிய காசு. சரி என்றேன். இரண்டு வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து எடுத்த 30,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி 12,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவர் பெயர் வந்தது. “எங்க மச்சான் அக்கவுண்ட்தான், போடுங்கக்கா.” போட்டேன்.

மேஜை மேல் ஓடிய மெஷினைத் தரவில்லை. உள்ளறையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். டேப் மேல் டேப் ஒட்டியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு லேடீஸ் பெட்டியில் செங்கல்பட்டு வரை வந்தேன்.

மறுநாள் காலை குளித்து, சாமி கும்பிட்டு, மெஷினுக்குப் பொட்டு வைத்து ஓட்டினேன். மெரூன் போர்டு முக்கால் பங்கு ஆழம்தான் வெட்டுப்பட்டது. நேர்க்கோட்டில் பரவாயில்லை, மூலைக்கு வந்தால் போர்டைப் பிடித்து இழுத்து நார் நாராகக் கிழிக்கிறது. பூவேலை போட்டால் இதழ் எல்லாம் சுருண்டு பிய்கிறது. இரண்டு முறை ஓடவிட்டால் இரண்டாவது முறை கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. அன்று மட்டும் ஒன்பது போர்டு வீண். பென்டிரைவில் கொடுத்த 2,000 டிசைனில் பாதிக்கு மேல் வெறும் ஜேபெக் படம். மெஷினுக்குக் கோடாக வரைந்த எஸ்விஜி மாதிரி ஃபைல் வேண்டும், படத்தை வைத்து அது எதை வெட்டும்? சிலவற்றின் மூலையில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. யாரோ இலவசமாகக் கொடுத்ததை அள்ளிப் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

போன் செய்தேன். முதல் நாள் பதில்: “போர்டுல ஈரம் இருக்கும்க்கா, வெயில்ல வைங்க.” வைத்தேன். போர்டு வளைந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள்: “ப்ளேடு மாத்துங்க.” ஆறு ப்ளேடு, 900 ரூபாய், அதையும் அனுப்பினேன். அதே கிழிசல். ஐந்தாம் நாள் டெக்னீஷியன் வருவார் என்றார்கள். வரவில்லை. ஏழாம் நாள் டெக்னீஷியனுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் ஓனர் மாலை போட்டிருக்கிறார், சபரிமலைக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார். சாமி பேரைச் சொன்னதும் நானும் வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் அதே ஓனர் புது வீடியோவில் சிரித்துக்கொண்டே மெஷின் விற்கிறார், கழுத்தில் மாலையும் இல்லை ஒன்றும் இல்லை. அதன் கீழே என் நிலைமையை நாலு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள்.

அக்கா என்று கூப்பிட்டது அன்றோடு நின்றது. அப்புறம் மேடம்.

இதற்கு நடுவில் கையில் இருந்த வளைகாப்பு ஆர்டரை முடித்தாக வேண்டும். 120 வளையல் பெட்டி, ஒன்று 45 ரூபாய் என்று பேசியிருந்தேன். மெஷின் வந்துவிட்டது, மூடியில் மயில் ஜாலி போட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன். கடைசியில் ஐந்து ராத்திரி கண் விழித்துக் கையால் வெட்டினேன். பூவேலை இல்லாத வெறும் பெட்டி. 30 ரூபாய்தான் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரை வீட்டுக்காரர் அழைத்துவந்தார். வண்டி நம்பர், சாமி படம் எல்லாம் வெட்டுகிறவர். மெஷினைப் பார்த்ததும், “இது எங்க மெஷின்மா” என்றார். எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். ஸ்டிக்கர் வெட்டும்போது மேல்தோல் மட்டும் வெட்டுப்பட வேண்டும், பின்னால் இருக்கும் காகிதம் அப்படியே இருக்க வேண்டும். அதனால் ப்ளேடு நுனி இத்தனூண்டு வெளியே நீட்டினால் போதும். போர்டு அப்படி இல்லை, மொத்தக் கனமும் அறுபட வேண்டும். ப்ளேடும் அதிகம் நீட்ட வேண்டும், அழுத்தமும் வேண்டும், போர்டு நகராமல் பசை மேட்டில் ஒட்டியிருக்கவும் வேண்டும். மேட் இல்லாமல் விட்டால் போர்டைத் தாண்டி ப்ளேடு மெஷினையே கீறும். நான் கடையில் கேட்ட வெளிநாட்டு மெஷின்களில், கிரிகட் மேக்கரில் 4 கிலோ வரைக்கும், சில்லவெட் கேமியோ 4-இல் 5 கிலோ வரைக்கும் அழுத்தம் கிடைக்கும், என் மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்டிருப்பதே 500 கிராம்தான் என்று காட்டினார். “புது மெஷினா இருந்தா மேட் போட்டு, ரெண்டு மூணு தடவை ஓட்டி, மெல்லிசு அட்டையாச்சும் சமாளிக்கலாம். இது புதுசே இல்லம்மா.”

அப்புறம் டார்ச் அடித்துக் காட்டினார். ப்ளேடு ஓடும் இடத்துக்கு நேர் கீழே வெள்ளையாக ஒரு பட்டை இருக்கும். அதில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்கு நீளமாகப் பள்ளம். நான் ஓட்டியது ஒரே வாரம், அதில் இவ்வளவு பள்ளம் விழாது என்றார். ரப்பர் உருளைக்குப் பின்னால் ஊசியை விட்டு எதையோ நெண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிவப்பு ரேடியம் துணுக்கு, ஒரு எழுத்தின் வளைவோடு. நான் அந்த மெஷினில் ஒரு நாள்கூட ஸ்டிக்கர் வெட்டியதில்லை. யாரோ வருடக்கணக்கில் வண்டி நம்பர் வெட்டித் தேய்த்த மெஷினைத் துடைத்து, டேப் ஒட்டி, புதுசு என்று என்னிடம் 42,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். புதிதாக வாங்கினாலே இதில் பாதி விலைதான் வரும் என்று அந்த அண்ணன் சொன்னபோது வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் நேரில் போனேன். அக்கா என்று தண்ணீர் கொடுத்த அதே பையன் தலையைத் தூக்கவில்லை. “எஸ்டிமேட் பின்னாடி படிங்க மேடம், விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாதுன்னு போட்டிருக்கு.” சிவப்புத் துணுக்கைக் காட்டினேன். “நீங்களே வெட்டிட்டு வந்து எங்க மேல போடுறீங்க.” அடுத்து சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “நீங்க அனுப்பினது 12,500 தானே? 42,500னு எங்க இருக்கு?” எஸ்டிமேட்டில் அவன் கையால் 42,500 என்று எழுதியிருக்கிறான். சீல் இல்லை, கடைப் பெயர் இல்லை. அது எங்கள் கையெழுத்தே இல்லை என்கிறான். என் வளையல் வைத்து வாங்கிய 30,000 ரூபாயை, நான் எண்ணிக் கொடுத்ததை, வாங்கவே இல்லை என்கிறான்!

இன்றோடு 19 நாள். மதியம் கடைசியாகக் கேட்டதற்குத்தான் மேலே சொன்ன பதில்.

வரிசையாக நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். நீங்கள் வேலை செய்யும் போர்டையே கையோடு கொண்டுபோய், உங்களுக்குத் தரப்போகும் அதே மெஷினில் வெட்டச் சொல்லுங்கள். மூலையும் சின்னப் பூவும் உள்ள டிசைன் கொடுங்கள், பெயர் மட்டும் வெட்டிக் காட்டினால் ஏமாறாதீர்கள். ப்ளேடுக்குக் கீழே இருக்கும் பட்டையை நகத்தால் தடவிப் பாருங்கள். பில் இல்லாமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், அரசு இணையதளத்தில் போட்டால் யார் பெயர் என்று தெரிந்துவிடும். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

வாபஸ் கிடையாது என்று அச்சடித்திருந்தால் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தபோது இதைச் சொன்னார்கள். 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை. எனக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் போகிறது. அடகு ரசீது, யுபிஐ விவரம், அந்த எஸ்டிமேட், கிழிந்த ஒன்பது போர்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துவிட்டேன். இதே மாதிரி மாடிக்கடையில் மெஷின் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.

வந்த விலைக்கு யாரிடமாவது தள்ளிவிடு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தள்ள மாட்டேன். மெஷின் கட்டிலுக்கு அடியில் அதே பெட்டியில் இருக்கிறது, சிவப்புத் துணுக்கை ஒரு சின்ன கவரில் போட்டு அதோடு வைத்திருக்கிறேன்.